நவம்பர் மழையில போய்ப் பார்த்த நீச்சல்குள வீடு

2023 ஜூலைல பிரான்ஸ் கிராமம் ஒண்ணுல அந்த வீட்டைப் பார்த்தப்போ நாங்க எல்லாருமே மயங்கிட்டோம். கல்லு வீடு, நீலக் கலர்ல மர ஜன்னல் கதவு, பின்பக்க முத்தத்துல எட்டுக்கு நாலு மீட்டர்ல ஒரு நீச்சல்குளம், ஓரத்துல அத்திமரம் ஒண்ணு, வெளிய 36 டிகிரி வெயில். பசங்க ரெண்டு பேரும் செருப்பைக் கழட்டிப்போட்டுட்டு தண்ணிக்குள்ள காலை விட்டவங்க எழுந்திரிக்கவே மாட்டேன்னுட்டாங்க. என் வீட்டுக்காரர் பக்கத்துல வந்து "இதுதான், இதையே முடிச்சிடலாம்"னார். ஏஜென்ட் அம்மாவும் இன்னும் ரெண்டு பேர் கேட்டுட்டு இருக்காங்கன்னு சொன்னாங்க.

அன்னைக்கு எங்களை நிறுத்துனது என் மாமியார்தான். அவங்க அப்பா பாண்டிச்சேரில கொத்தனாரா இருந்தவர், சுண்ணாம்பு அரைக்கிற சத்தத்துலயே வளர்ந்தவங்க. "வெயில்ல எல்லா வீடும் நல்லாத்தான்மா இருக்கும், மழைல ஒரு தடவை பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க"ன்னு சொல்லிட்டாங்க. ரெண்டு பேர் கேக்குறாங்கன்னு சொன்ன வீடு நவம்பர் வரைக்கும் அப்படியே கெடந்துச்சு. நாங்க நவம்பர்ல திரும்பப் போனோம். இந்தப் பதிவை எழுதுறதே அந்த ரெண்டாவது பயணத்துக்காகத்தான், ஏன்னா பிரான்ஸ்ல கிராமத்துல வீடு வாங்கப்போறேன்னு கேக்குற நம்ம ஆளுங்க எல்லாரும் கோடை லீவுலதான் வீடு பாக்கப் போறாங்க.

இடம் எதுன்னா, தென்மேற்குல லோ-எ-கரோன் மாவட்டம், வில்நெவ்-சூர்-லோ பக்கத்துல ஒரு சின்ன ஊர். பிளம்ஸ் பழத்தைக் காயவச்சு விக்கிற அஜான் ஊர் பேரு கேள்விப்பட்டிருப்பீங்க, அந்தப் பக்கம். 2017 ஜூலைல பாரிஸ்-போர்தோ புது ரயில் பாதை வந்ததுல இருந்து பாரிஸ் மோன்பர்னாஸ் ஸ்டேஷன்ல ஏறினா போர்தோவுக்கு ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, அஜானுக்கு சுமார் மூணேகால் மணி நேரம். நாங்க இருக்கிறது பாரிஸ் வடக்குப் புறநகர்ல, வாடகை அபார்ட்மென்ட். வீட்டுக்காரருக்கு வாரத்துல மூணு நாள் வீட்ல இருந்தே வேலை. பாரிஸ் பக்கம் எங்க பட்ஜெட்டுக்கு ஒரு ரூம் வீடு கூட யோசிக்க முடியாது, ஆனா இங்க 110 சதுர மீட்டர் வீடும் குளமும் சேர்த்து 1,52,000 யூரோ கேட்டாங்க.

இன்னொண்ணு, கிராமத்து வீடுன்னா வயல் நடுவுல தனியா நிக்கிற வீடு இல்ல. இவங்க மேசோன் தெ வில்லாஜ்னு சொல்றது ஊர் நடுவுல, தெருவை ஒட்டி, ரெண்டு பக்கமும் பக்கத்து வீட்டோட சுவரைப் பகிர்ந்துக்கிட்டு நிக்கிற வீடு. பெரும்பாலும் தோட்டமே இருக்காது, அதனால முத்தத்துல குளம் இருக்கிற வீடு அமையிறது கஷ்டம். சுவர் பொதுச்சுவரா, குளத்துக்குப் பின்னாடி இருக்கிற சின்னச் சந்துல பக்கத்து வீட்டுக்காரருக்கு நடக்குற உரிமை இருக்கா, இதெல்லாம் பழைய பத்திரத்துல எழுதியிருக்கும், கேட்டு வாங்கிப் படிக்கணும். எங்க விஷயத்துல பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு அந்தச் சந்து வழியா கோழிக்கூண்டுக்குப் போற உரிமை இருந்துச்சு. அவர் சேவல் காலைல அஞ்சு மணிக்குக் கூவும். அதைக் குறை சொல்ல எனக்கு இஷ்டமும் இல்ல, சட்டமும் அவர் பக்கம்தான். ஓலெரோன் தீவுல மோரிஸ்ங்கிற சேவல் கூவுதுன்னு லீவு வீட்டுக்காரங்க கேஸ் போட்டு 2019-ல தோத்தாங்க, அப்புறம் 2021 ஜனவரி 29-ல கிராமத்துச் சத்தம், வாசனை எல்லாத்தையும் பாரம்பரியமா மதிக்கணும்னு ஒரு சட்டமே வந்துச்சு.

சரி, நவம்பருக்கு வரேன்.

மூணு நாளா மழை பெஞ்சுட்டு இருந்த சனிக்கிழமை. கதவைத் திறந்ததுமே ஒரு பூஞ்சை வாடை. அத்தை பேசாம உள்ள போனாங்க, சாமான் எதையும் பாக்கல, வடக்குப் பக்கச் சுவர்கிட்ட குனிஞ்சு தரைல இருந்து ஒரு சாண் உயரத்துல உள்ளங்கையை வச்சாங்க, அப்படியே மேல மேல ஏத்திக்கிட்டே வந்து இடுப்பு உயரத்துல நிறுத்துனாங்க. "இதுவரைக்கும் ஈரம் ஏறியிருக்கு"ன்னாங்க. அப்புறம் நகத்தால பூச்சை லேசாச் சுரண்டிப் பாத்துட்டு "கல்லு சுவத்துக்கு மேல யாரோ சிமென்ட் பூசியிருக்காங்கம்மா, சுவர் மூச்சு விட முடியாம தவிக்குது"ன்னாங்க. பிரெஞ்சு தெரியாது அவங்களுக்கு, ஆனா அடுத்த வாரம் நாங்க கூட்டிட்டு வந்த பழைய வீடு ரிப்பேர் பண்ற மேஸ்திரி அதே விஷயத்தை பிரெஞ்சுல சொன்னார். அந்தக் காலத்துக் கல்லு வீட்டை சுண்ணாம்பு கலவைலதான் கட்டியிருப்பாங்க, அடித்தளத்துல ஈரம் தடுக்கிற படலம் எதுவும் கெடையாது, மண்ணுல இருக்கிற தண்ணி சுவர்ல ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியா ஆவியாப் போயிடும். மேல சிமென்ட் பூசிட்டா அது வெளிய போக வழியில்லாம இன்னும் மேல ஏறும், வெள்ளை உப்புப் பூக்கும். சிமென்ட்டைக் கொத்தி எடுத்துட்டு திரும்ப சுண்ணாம்பு பூசுறதுதான் வழி. ஜூலைல அந்தச் சுவருக்கு முன்னாடி பெரிய அலமாரி ஒண்ணு நின்னுச்சு, நவம்பர்ல, இறந்துபோன சொந்தக்காரப் பாட்டியோட வாரிசுங்க சாமானைக் காலி பண்ணியிருந்ததால சுவர் முழுசா தெரிஞ்சுச்சு.

வெளிய முத்தத்துல குளத்தோட ஓரக் கல்லுல ஒரு வெடிப்பு, அதே நேர்கோட்டுல வீட்டோட மூலைல படிக்கட்டு மாதிரி ஏறிப்போற மெல்லிசான வெடிப்பு. இந்தப் பக்கம் களிமண்ணு பூமி. கோடைல காஞ்சா சுருங்கும், மழைல உப்பும், மேல இருக்கிற வீடு அதோட சேர்ந்து ஆடும். அரசாங்கத்தோட ஜியோரிஸ்க் வெப்சைட்ல அட்ரஸ் போட்டா உங்க மண்ணுக்கு இந்த ஆபத்து கம்மியா, நடுத்தரமா, அதிகமான்னு காட்டிடும், காசு இல்ல, அஞ்சு நிமிஷ வேலை, வீடு பாக்க டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க. வறட்சியால வீடு வெடிச்சா இன்சூரன்ஸ் தரும், ஆனா உங்க ஊரை இயற்கைப் பேரிடர் பாதிச்ச ஊர்னு அரசாங்கம் கெஸட்ல அறிவிச்சாத்தான் தரும், அப்பவும் முதல் 1520 யூரோ நம்ம கையில இருந்துதான். விக்கிறவங்க இதுக்கு முன்னாடி அப்படி நஷ்டஈடு வாங்கியிருந்தா அதை எழுத்துல சொல்லியே ஆகணும். எங்க வெடிப்பு பழசு, அசையலன்னு ஒரு கட்டுமான இன்ஜினியர் வந்து பாத்து எழுதிக் கொடுத்தார். அவருக்குக் கொடுத்த ஃபீஸ் இந்த முழு விஷயத்துலயே நாங்க பண்ணுன நல்ல செலவு.

இப்போ குளம். இதுலதான் நிறைய பேருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கு. பிரான்ஸ்ல வீடு விக்கும்போது கட்டு கட்டா சோதனை ரிப்போர்ட் கொடுக்கணும், 1949-க்கு முன்னாடி கட்டுனதுன்னா பெயின்ட்ல ஈயம், 1997 ஜூலைக்கு முன்னாடி பர்மிட் வாங்குனதுன்னா ஆஸ்பெஸ்டாஸ், கரையான் ஆபத்துப் பகுதின்னா கரையான், 15 வருஷத்துக்கு மேல ஆன கரண்ட், கேஸ் லைன், அப்புறம் ஏ-ல இருந்து ஜி வரைக்கும் மார்க் போடுற எனர்ஜி ரிப்போர்ட். எங்க வீடு எஃப், அதனால 2023 ஏப்ரல்ல இருந்து கட்டாயமான எனர்ஜி ஆடிட்டும் இருந்துச்சு. மொத்தமா தலையணை கனத்துக்கு ஒரு ஃபைல். அந்த ஃபைல் முழுக்கத் தேடுனாலும் நீச்சல்குளத்தைப் பத்தி ஒரு வரி கெடையாது! குளத்துக்குன்னு கட்டாய சோதனை எதுவும் சட்டத்துல இல்ல. எந்தக் குளத்தைப் பாத்து வீட்டை வாங்குறோமோ அதைப் பத்தி நாமளேதான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

நாங்க மேரிக்குப் போனோம், அதாவது ஊர் நகராட்சி ஆபீசுக்கு. சின்ன ஊர்ல வாரத்துல ரெண்டு மூணு அரை நாள்தான் திறந்திருக்கும், அதனால நேரம் பாத்துப் போகணும். அங்க இருந்த செக்ரட்டரி அம்மா ரொம்பப் பொறுமையா பழைய ரிஜிஸ்டரை எல்லாம் புரட்டிப் பாத்தாங்க. குளத்தைக் கட்டுனதுக்கு எந்தப் பதிவும் இல்ல. பத்து சதுர மீட்டருக்கு மேல இருக்கிற குளத்துக்கு மேரில முன்கூட்டியே டெக்ளராசியோன்ங்கிற அறிவிப்பு கொடுக்கணும், கட்டி முடிச்ச 90 நாளைக்குள்ள வரி ஆபீசுக்கும் சொல்லணும். 32 சதுர மீட்டர் குளம், ரெண்டுமே பண்ணல. ஏஜென்ட் அம்மாகிட்ட ஜூலைல நாங்க கேட்டப்போ "எல்லாம் சரியா இருக்கு"ன்னு வாயால சொன்னாங்க. எனக்கு ரொம்ப வருத்தமாப் போச்சு, தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கலாம். வாய் வார்த்தையை நம்பாதீங்க, டெக்ளராசியோன் நம்பரைக் கேளுங்க.

இதை ஏன் இவ்வளவு சொல்றேன்னா, வரித்துறை இப்போ வானத்துல இருந்து எடுத்த போட்டோவை கம்ப்யூட்டர் வச்சு அலசி குளங்களைக் கண்டுபிடிக்குது. 2022-ல ஒம்போது மாவட்டத்துல சோதனையாப் பண்ணுனப்பவே 20,000-க்கு மேல சொல்லாத குளம் மாட்டுச்சு, அதுக்கப்புறம் மத்த மாவட்டங்களுக்கும் கொண்டுபோயிட்டாங்க. குளம் இருந்தா வீட்டோட வாடகை மதிப்பு ஏறும், அதை வச்சு வருஷா வருஷம் கட்டுற சொத்து வரியும் ஏறும். இது லீவு வீடுன்னா குடியிருப்பு வரியும் உண்டு, அது முதல் வீட்டுக்குத்தான் 2023-ல எடுத்தாங்க, ரெண்டாவது வீட்டுக்கு இல்ல. முந்தின வருஷம் வரி கட்டுன சீட்டை விக்கிறவங்ககிட்ட கேட்டுப் பாத்துட்டு, அதுல குளம் சேராம இருந்தா அடுத்த வருஷம் கூடும்னு கணக்கு வச்சுக்கோங்க.

வீட்டை விட்டுடலாமான்னு ரெண்டு நாள் யோசிச்சோம். அப்புறம் நொத்தேர்கிட்ட போனோம். இங்க நொத்தேர்ங்கிறவர் வீட்டுப் பத்திரத்தை எழுதிக் கொடுக்கிற, அரசாங்கம் நியமிச்ச பொது அதிகாரி, அவர் கட்டணத்தையும் அரசாங்கம்தான் நிர்ணயிக்குது. விக்கிறவங்களுக்கு ஒரு நொத்தேர், நமக்கு ஒரு நொத்தேர்னு தனித்தனியா வச்சாலும் கட்டணம் கூடாது, அதே தொகையை அவங்க ரெண்டு பேரும் பிரிச்சுக்குவாங்க. அதனால தயவுசெஞ்சு நமக்குன்னு ஒருத்தரை வச்சுக்கோங்க. அவர்தான் எங்களுக்கு வழி சொன்னார், கொம்ப்ரோமிலயே நிபந்தனையா எழுதிடலாம்னு. கொம்ப்ரோமின்னா முதல் ஒப்பந்தம், அதுல எழுதுன நிபந்தனை நிறைவேறலன்னா நாம குடுத்த முன்பணம் முழுசா திரும்பி வந்துடும்.

நாங்க எழுதுன நிபந்தனை மூணு. பேங்க் லோன் கிடைக்கணும், குளத்துக்கு மேரில முறையா அனுமதி வாங்கித் தரணும், மார்ச் மாசம் குளத்தைத் திறந்து மோட்டார் ஓட்டி எங்க கண்ணு முன்னாடி கசிவு சோதனை பண்ணணும். மூணாவதுக்கு வாரிசுங்க முதல்ல ஒத்துக்கல. அந்த வீடு ஒரு பாட்டியோடது, அவங்க இறந்தப்புறம் மூணு பிள்ளைங்களுக்குப் பொதுவா வந்திருக்கு, ஒருத்தர் ரெயூனியோன் தீவுல இருக்கார், மூணு பேரும் சம்மதிச்சாத்தான் எதுவும் நடக்கும். கடைசில நடுவுல பிறந்த அக்கா மத்த ரெண்டு பேரையும் சமாதானம் பண்ணுனாங்க. சிமென்ட் சுவர், குளத்து உள்ள இருக்கிற பழைய லைனர் ஷீட் இதுக்கெல்லாம் மேஸ்திரி போட்டுக் குடுத்த எஸ்டிமேட்டை முன்னாடி வச்சுப் பேசுனதுல விலை 1,37,000-க்கு வந்துச்சு. வெறுமனே குறைச்சுக் கேட்டா யாரும் குறைக்க மாட்டாங்க, எஸ்டிமேட் காகிதம் இருந்தா பேச்சே வேற.

டிசம்பர்ல கையெழுத்து, 5 சதவீதம் முன்பணம் நொத்தேர் கணக்குல. கையெழுத்துப் போட்டப்புறம் வாங்குறவங்களுக்கு 10 நாள் இருக்கு, காரணமே சொல்லாம விலகிக்கலாம், விக்கிறவங்களுக்கு அந்த உரிமை கெடையாது. அதுக்கப்புறம் காத்திருப்புதான். அந்த வீட்டை நமக்கு முன்னாடி தானே வாங்கிக்கிறதான்னு முடிவு பண்ண மேரிக்கு ரெண்டு மாசம் டைம் உண்டு. குளத்து அனுமதி சாதாரணமா ஒரு மாசம், ஆனா ஊர்ல இருக்கிற பழைய சர்ச் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம், அதுல இருந்து 500 மீட்டருக்குள்ள வெளிப்புறத்துல எது பண்ணுனாலும் அரசாங்கத்தோட ஆர்க்கிடெக்ட் பாக்கணும், அதனால ரெண்டு மாசம். ஜன்னல் கதவுக்கு என்ன பெயின்ட் அடிக்கிறதுன்னாலும் அவர்தான். அந்த நீலம் எனக்குப் புடிச்ச நீலம், அதையே வச்சுக்கிறேன்.

மார்ச்ல வாளி சோதனை பண்ணுனோம். ரொம்ப எளிசு. குளத்துப் படியில ஒரு வாளியை வச்சு, உள்ள குளத்துத் தண்ணியை மேல இருக்கிற மட்டத்துக்கே ஊத்தி, ரெண்டு பக்கமும் டேப் ஒட்டிக் கோடு போட்டுட்டு, தண்ணி தானா ரொம்புற வால்வை மூடிட்டு ஒரு நாள் விடணும். ஆவியாப் போறது ரெண்டுலயும் ஒரே அளவு குறையும். குளத்துல கூடக் குறைஞ்சா அது கசிவு. மறுநாள் காலைல நான் போய் குனிஞ்சு பாத்தேன், வாளில கோட்டுக்கு ஒரு நூல் கீழ, குளத்துல அதைவிட முழுசா ஒரு சென்டிமீட்டர் கீழ. ஒரு சென்டிமீட்டர்தானேன்னு தோணும், 32 சதுர மீட்டருக்குக் கணக்குப் போட்டா ஒரு நாளைக்கு 320 லிட்டர் தண்ணி மண்ணுக்குள்ள போகுது, அதுவும் களிமண்ணுக்குள்ள, வெடிப்பு இருக்கிற மூலைக்குப் பக்கத்துல! குளம் ரிப்பேர் பண்றவர் வந்து சாயத்தண்ணி விட்டுப் பாத்தார், ஸ்கிம்மர்னு மேல்தண்ணியை உறிஞ்சுற பெட்டி இருக்கே, அதோட ஓரச் சீல் பிளந்திருந்துச்சு. வாரிசுங்க செலவுல மாத்துனாங்க. இதை வாங்குனப்புறம் கண்டுபிடிச்சிருந்தா யார்கிட்டயும் கேக்க முடியாது. மறைஞ்ச குறைக்கு சட்டத்துல வழி இருக்குதான், ஆனா தனியாள் விக்கிறப்போ பத்திரத்துல அந்தப் பொறுப்பை விலக்கி ஒரு பாரா எழுதுறதுதான் வழக்கம், விக்கிறவருக்கு முன்னாடியே தெரியும்னு நாம நிரூபிச்சாத்தான் உண்டு.

ஏப்ரல் கடைசில பத்திரம். நொத்தேர் செலவுன்னு சொல்றது எங்களுக்கு 11,000 கிட்ட வந்துச்சு, பழைய வீட்டுக்கு 7-ல இருந்து 8 சதவீதம், அதுல பெரும்பகுதி வரிதான், நொத்தேருக்குப் போறது கொஞ்சம். 2025 ஏப்ரல்ல இருந்து அந்த வரியை மாவட்டங்கள் அரை சதவீதப் புள்ளி ஏத்திக்கலாம்னு விட்டிருக்காங்க, இப்போ வாங்குறவங்க கேட்டுக்கோங்க. வெளிநாட்டுல இருக்கிற சொந்தக்காரங்க நாங்களும் வாங்கலாமான்னு கேக்குறாங்க. வாங்கலாம், தடை இல்ல. ஆனா வீடு வாங்கிட்டதுனால மட்டும் விசா கிடைச்சிடாது, விசா விதி எப்பவும் போலதான்.

குளத்தை வாங்குனப்புறம் நான் முதல்ல பண்ணுனது வேலி. 2003 ஜனவரி 3 சட்டப்படி மண்ணுக்குள்ள இருக்கிற குளத்துக்கு வேலி, அலாரம், மூடி, கூரை இந்த நாலுல ஒண்ணு கட்டாயம், இல்லன்னா 45,000 யூரோ வரைக்கும் அபராதம். பாட்டி வீட்ல ஒரு பழைய அலாரம் இருந்துச்சு, சட்டத்துக்கு அது போதும். எனக்குப் போதாது. என் சின்னவனுக்கு நாலு வயசு. குழந்தை தண்ணில மூழ்கும்போது கத்தாது, கைய அடிக்காது, சத்தமே வராது. அலாரம் அடிக்கிறப்போ பிள்ளை ஏற்கனவே தண்ணிக்குள்ள இருக்கும். அதனால 1.10 மீட்டருக்குக் குறையாத வேலி, தானா மூடிக்கிற கேட், சின்னக் கையால திறக்க முடியாத பூட்டு. கேட் மூடும்போது "டக்"னு ஒரு சத்தம் வரும், சமையல்கட்டுல இருந்தாலும் அந்தச் சத்தத்துக்கு என் காது நிமிர்ந்துடும்.

தினசரி பராமரிப்பு பழகிட்டா பயமில்ல. தண்ணியோட வெப்பத்தைப் பாதியாக்குனா அத்தனை மணி நேரம் மோட்டார் ஓடணும், 26 டிகிரின்னா 13 மணி நேரம். தண்ணியோட அமில-கார அளவைச் சொல்ற பிஎச் 7-ல இருந்து 7.4-க்குள்ள இருக்கணும், ஏறிப்போச்சுன்னா எவ்வளவு குளோரின் போட்டாலும் சரியா வேலை செய்யாது, பச்சை ஆயிடும். தண்ணி 12 டிகிரிக்குக் கீழ இறங்குனதும் குளிர்காலத்துக்கு மூடிடலாம். கரண்ட் பில்லை மட்டும் முன்கூட்டியே கணக்குல வச்சுக்கோங்க.

தண்ணி விஷயம்தான் என் மனசுல இன்னும் ஓடிட்டு இருக்கு. பக்கத்து வீட்டுத் தாத்தா முதல் நாளே கோழி முட்டை ஆறு கொண்டுவந்து கொடுத்தார், திண்ணை மாதிரி இருக்கிற வாசக் கல்லுல உக்காந்து 2022 கோடையைப் பத்திச் சொன்னார். அந்த வருஷம் பிரான்ஸ்ல நூத்துக்கு மேல ஊர்ல குழாய்ல குடிக்கத் தண்ணி வரல, லாரில கொண்டுபோய்க் கொடுத்தாங்க. வறட்சி வந்தா மாவட்ட பிரேஃபே (நம்ம ஊர் கலெக்டர் மாதிரி) உத்தரவு போடுவார், கவனம், எச்சரிக்கை, கடும் எச்சரிக்கை, நெருக்கடின்னு நாலு படி, படி ஏற ஏற குளம் நிரப்புறது, செடிக்கு ஊத்துறது, கார் கழுவுறதெல்லாம் நிக்கும். பழைய குளத்தைக் காலி பண்ணி லைனர் மாத்தி 45 கன மீட்டர் புதுத் தண்ணி நிரப்பணும்னா அதைக் கோடைல செய்யக்கூடாதுன்னு அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஒரு பிப்ரவரி மழைக்காலத்துல, மேரில கேட்டுட்டு, அந்த வேலையை முடிச்சோம். கூரைல விழுற மழையை ரெண்டு பெரிய தொட்டில பிடிக்கிறோம், அது அத்திமரத்துக்கும் செடிக்கும். குளத்துக்கு மேல ராத்திரி ஷீட் போடுறோம், ஆவியாகுறது நல்லாவே குறையுது.

வடக்குச் சுவரோட சிமென்ட்டை முழுசா கொத்தியாச்சு. மேஸ்திரி ஒரு குளிர்காலம் அப்படியே வெறும் கல்லா விடுங்க, காயட்டும்னார். சுண்ணாம்பு பூசுற அன்னைக்கு நானும் கூட இருப்பேன்னு அத்தை ரயில் டிக்கெட்டை இப்பவே போடச் சொல்லியிருக்காங்க.